உத்தரவு அவருடையது, ஐடி உங்களுடையது

தென் மாவட்டத்துச் சிறு நகரம் ஒன்றில், பெரிய பொதுத்துறை வங்கியின் கிளையில் ஸ்கேல் ஒன் அதிகாரியாக இருக்கும் 27 வயதுப் பெண் எழுதிய கடிதம் இது. அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

பொறியியல் முடித்தவர். வீட்டிலிருந்தே படித்து ஐபிபிஎஸ் என்ற வங்கிப் பணித் தேர்வில் தேறி, பிஓவாக (புரொபேஷனரி ஆபீசராக) சேர்ந்து 20 மாதம் ஆகிறது. இரண்டு வருடப் புரொபேஷன், அதாவது தகுதிகாண் காலம், இன்னும் முடியவில்லை. மூன்று வருடத்துக்குள் விலகினால் இரண்டு லட்ச ரூபாய் கட்டுவதாகப் பாண்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். காலை ஒன்பதரைக்கு உள்ளே போனால் இரவு எட்டரைக்கு முன் வெளியே வர முடிவதில்லை. கவுன்ட்டர், நகைக்கடன், கேஒய்சி (வாடிக்கையாளர் அடையாளச் சரிபார்ப்பு), வராக்கடன் வசூலுக்கு ஊர் ஊராக அலைவது என்று எல்லாவற்றையும் செய்தாலும், மாலையில் ரீஜனல் ஆபீஸிலிருந்து வரும் வீடியோ காலில் கேட்கப்படுவது ஒன்றுதான்: இன்றைக்கு எத்தனை இன்ஷூரன்ஸ்?

போன மாதம் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் முதிர்ந்த டெபாசிட்டைப் புதுப்பிக்க வந்திருக்கிறார். மேலாளர் சொல்லி, வாசகி அவரிடம் ஆயுள் காப்பீட்டுப் பாலிசி ஒன்றில் கையெழுத்து வாங்கியிருக்கிறார். வருடத்துக்கு ஒரு லட்சம், பத்து வருடம் கட்ட வேண்டும். ஆசிரியரோ ஒரே தடவை கட்டினால் போதும் என்று நினைத்திருக்கிறார். காப்பீடு விற்பதற்கான தேர்வை வாசகி எழுதவில்லை என்பதால் படிவத்தில் இன்னோர் அதிகாரியின் விற்பனைக் குறியீட்டு எண் போடப்பட்டது. பத்து நாளுக்கு முன் பாலிசி கைக்கு வந்ததும் ஆசிரியர் கிளைக்கு வந்து, "என்னம்மா இப்படிப் பண்ணிட்ட" என்று கேட்டாராம். அதே வாரம் காப்பீட்டு நிறுவனத்துக்காரர் வந்து இவர் கையில் ஒரு கிஃப்ட் கார்டைக் கொடுத்திருக்கிறார்.

'வேலையை விட்டுவிடலாமா? பாண்டு செல்லாது என்று சீனியர்கள் சொல்கிறார்கள், உண்மையா? ஒரு தனியார் வங்கியில் ரிலேஷன்ஷிப் மேனேஜர் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள், போகலாமா? ரிசர்வ் வங்கிக்குப் பெயர் போடாமல் புகார் எழுதினால் என்ன? அரசு வங்கி வேலையை யாராவது விடுவார்களா என்று அப்பா பேசுவதையே நிறுத்திவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மாலையானால் வயிற்றைப் புரட்டுகிறது' என்று முடிகிறது கடிதம்.

அன்புள்ள சகோதரி,

நான்கு பக்கக் கடிதத்தில் மூன்று பக்கம் வேலையை விடுவதைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். என்னைப் பயமுறுத்தியது நடுவில் போகிறபோக்கில் எழுதியிருந்த ஒரு வரி. 'சாயங்காலம் சீக்கிரம் கிளம்பினால், கைரேகை வைத்து லாகின் பண்ணிவிட்டு சிஸ்டத்தை அப்படியே விட்டுப் போ, நான் பாஸ் பண்ணிக்கிறேன் என்பார் மேலாளர். நானும் விட்டுவிட்டு வந்துவிடுவேன்.' இருப்பதா போவதா என்பதை நிதானமாக முடிவு செய்துகொள்ளலாம். இதை நாளைக்கே நிறுத்தியாக வேண்டும்.

வங்கி ஊழியர்களுக்காக வாதாடுபவன் என்பதால் விசாரணைக் கோப்புகளை நிறையப் பார்க்கிறேன். அவற்றில் மேலாளரின் குரல் எங்கும் பதிவாகியிருக்காது. இந்தத் தேதி, இந்த நேரம், இந்த ஐடியில் (லாகின் அடையாளத்தில்) பதிவு, இந்த ஐடியில் ஒப்புதல் என்றுதான் இருக்கும். ஒருவர் பதிய, இன்னொருவர் சரிபார்த்து ஒப்புதல் தர வேண்டும் என்பதுதான் வங்கியின் அடிப்படைப் பாதுகாப்பு. இரண்டு ஐடியையும் ஒரே ஆள் பயன்படுத்தினால் அந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது. சிறு தொகைப் பதிவோடு அது நிற்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. உங்கள் ஐடியில் ஒரு போலிக் கடன் பாஸ் ஆனால், அப்போது நான் பஸ்ஸில் இருந்தேன் என்பதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டியிருக்கும். பஸ் டிக்கெட் கிடைத்தாலும், ஐடியைத் திறந்துவிட்டுப் போனதே தனிக் குற்றச்சாட்டு. லாக்கர் அறைச் சாவிக்கும் இதே கணக்குதான். நகைக்கடன் நகைகள் இருவர் பொறுப்பில் இருக்க வேண்டியவை. இரண்டு சாவியும் ஒரே கையில் ஓர் இரவுகூட இருக்கக் கூடாது.

'மேலாளர் சொன்னதைத்தான் செய்தேன், எனக்கென்ன பொறுப்பு' என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் சொன்னது நிரூபணமானால் அவர் பொறுப்பு கூடும். அதனால் உங்களுடையது குறைந்துவிடாது. பொதுத்துறை வங்கி அதிகாரி ஊழல் தடுப்புச் சட்டத்தின்படி பொது ஊழியர். ஒரு பாலிசிக்காக யாரும் சிபிஐ வரை போகப் போவதில்லை, பதற வேண்டாம். ஆனால் திறந்துவிட்ட கணினியில் என்ன நடக்கும் என்பது உங்கள் கையில் இல்லையே.

அந்த ஆசிரியருக்கு இன்னும் நாள் இருக்கிறது

ஆயுள் காப்பீட்டுப் பாலிசி கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள், பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுக்கலாம். ஃப்ரீ லுக் என்பார்கள். காரணம் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. காப்பு இருந்த நாட்களுக்கான சிறு தொகை, முத்திரைத்தாள் செலவு, மருத்துவப் பரிசோதனை நடந்திருந்தால் அதன் செலவு ஆகியவற்றைக் கழித்துக்கொண்டு மீதிப் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். உங்கள் கணக்குப்படி பத்து நாள்தான் போயிருக்கிறது. மின்னஞ்சலில் முன்பே பாலிசி வந்திருந்தால் அந்தத் தேதியிலிருந்து எண்ணுவார்கள் என்பதால் அதை உடனே பாருங்கள்.

விண்ணப்பத்தை ஆசிரியரே தன் கையால் எழுதட்டும். ஒரு பிரதியைக் கிளையில் கொடுத்து முத்திரை வாங்கட்டும். இன்னொன்றைக் காப்பீட்டு நிறுவனத்துக்கே மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் அனுப்பட்டும். கிளையில் மட்டும் கொடுத்தால், டார்கெட் குறையுமே என்று 30 நாள் முடியும்வரை அது மேஜை டிராயரில் கிடக்கக்கூடும். மேலாளரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்: 'வாடிக்கையாளர் ஃப்ரீ லுக் கேட்கிறார், அனுப்புகிறேன் சார்.' பாலிசி ஆவணத்திலேயே அச்சாகியிருக்கும் உரிமை அது. அதை எடுத்துச் சொன்னதற்காக உங்களுக்கு மெமோ கொடுப்பது அவருக்கே வம்பு. நாள் தவறிப்போனாலும் வழி அடைபடாது. முதலில் நிறுவனத்திடம் புகார். ஒரு மாதத்தில் தீரவில்லையென்றால் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமில்லாமல் போகலாம். 50 லட்ச ரூபாய் வரையிலான கோரிக்கைகளை அவர் விசாரிப்பார்.

'என் சம்பளத்திலிருந்தாவது அவருக்குக் கொடுத்துவிடலாமா' என்றும் கேட்டிருக்கிறீர்கள். மனசு புரிகிறது. ஆனால் வேண்டவே வேண்டாம். வாடிக்கையாளருக்கும் அதிகாரிக்கும் இடையே சொந்தப் பணம் கைமாறினால், அது எந்த நோக்கத்துக்கானது என்று பின்னால் யாருக்கும் விளக்க முடியாது.

கிஃப்ட் கார்டைத் திருப்பிக் கொடுங்கள். காப்பீடு விற்கும் வங்கி ஊழியருக்குக் காப்பீட்டு நிறுவனம் பணமாகவோ பொருளாகவோ எந்த ஊக்கத்தொகையும் தரக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் நெறிமுறை. 'எல்லாரும் வாங்குகிறார்கள்' என்பது கிளையில் செல்லும், விசாரணையில் செல்லாது. திருப்பியதை ஒரு வரி மின்னஞ்சலில் பதிவு செய்துவிடுங்கள். தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்காமல் இனி ஒரு பாலிசியும் பேசாதீர்கள். அடுத்தவர் குறியீட்டு எண்ணில் விற்பது அவருக்கும் கேடு.

'லாகின் டே' என்று காப்பீடு சேர்ப்பதற்காகவே வைக்கும் நாளில் வாடிக்கையாளரைக் கேட்காமலே கணக்குகளில் 20 ரூபாய், 436 ரூபாய் பிடித்தோம் என்கிறீர்கள். முன்னது பிரதமரின் விபத்துக் காப்பீடு, பின்னது ஆயுள் காப்பீடு. இரண்டும் ஏழைகளுக்கு உண்மையிலேயே பயன்படுகிற திட்டங்கள்தான். நூறு நாள் வேலைக் கூலி வந்து விழும் கணக்கில், சம்மதக் கையெழுத்து இல்லாமல் 436 ரூபாய் போனால் அந்த அம்மாவுக்கு அது ஒரு நாள் கூலிக்கும் மேல். இனி கையெழுத்திட்ட படிவம் கையில் இல்லாமல் ஒரு பதிவும் போடாதீர்கள்.

எழுத்தில் கேளுங்கள்

'மறுத்தால் புரொபேஷனில் கை வைப்பார்' என்று பயப்படுகிறீர்கள். பொதுத்துறை வங்கி அதிகாரிகளின் நடத்தை விதிகளில் உங்களுக்காகவே எழுதியதுபோல் ஒரு விதி இருக்கிறது. அதிகாரி தன் சொந்த முடிவின்படியே செயல்பட வேண்டும். மேலதிகாரியின் உத்தரவுப்படி செயல்படும்போது மட்டும் விலக்கு. அந்த உத்தரவு வாய்மொழியாக இருந்தால் மேலதிகாரி அதை எழுத்தில் உறுதி செய்ய வேண்டும். எழுத்தில் கேட்பதை அடங்காமை என்று சொல்ல முடியாது, விதியே கேட்கச் சொல்கிறது.

சண்டை போடும் தொனி வேண்டாம். இப்படி எழுதினால் போதும்: 'மதிப்பிற்குரிய சார், மாலையில் என் ஐடியில் லாகின் செய்து வைத்துவிட்டுச் செல்லும்படி சொல்லியிருந்தீர்கள். வங்கியின் பாதுகாப்பு விதிப்படி அதை என்னால் செய்ய இயலவில்லை. கிளம்பும்போது லாக்அவுட் செய்துவிடுகிறேன். நிலுவை வவுச்சர்கள் இருந்தால் நான் இருக்கும்போதே முடித்துத் தருகிறேன்.' அலுவலக மின்னஞ்சலிலேயே அனுப்புங்கள். பெரும்பாலான மேலாளர்கள் இதற்குப் பதில் எழுத மாட்டார்கள்; கேட்பதையும் நிறுத்திவிடுவார்கள். அவருக்கும் மேலே ஒரு ரீஜனல் மேனேஜர், அவருக்கும் ஒரு வீடியோ கால். உங்கள் மேலாளர் கெட்டவர் என்று கடிதத்திலிருந்து எனக்குத் தோன்றவில்லை. களைத்துப்போன மனிதர், அவ்வளவுதான். அதற்காக உங்கள் கைரேகையை அவருக்குக் கடன் கொடுக்க முடியாது.

ஆதாரம் சேர்க்கிறேன் என்று பலர் விழும் குழி ஒன்று உண்டு. வாடிக்கையாளரின் படிவத்தைப் போனில் படம் பிடிப்பது, கணக்கு விவரத்தைச் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்புவது இரண்டும் ரகசியக் காப்பை மீறுவதாகும். வேலையில் சேரும்போது அதற்கும் உறுதிமொழி கொடுத்திருப்பீர்கள். புகார் எழுதியவரே முதலில் சார்ஜ் ஷீட் வாங்குவது இப்படித்தான். ஒரு நோட்டில் தேதி, நேரம், யார் என்ன சொன்னார் என்று மட்டும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

புரொபேஷனைப் பொறுத்தவரை உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: நிரந்தரமானவரைவிட உங்களை அனுப்புவது சுலபம். 'பணி திருப்தியில்லை' என்ற சாதாரணக் காரணத்துக்கு நீண்ட விசாரணை தேவையில்லை. ஆனால் உண்மைக் காரணம் ஒரு குற்றச்சாட்டாக இருந்து, அதை மூடி மறைக்க அந்த வார்த்தையைப் போட்டிருந்தால், நீதிமன்றம் திரையை விலக்கிப் பார்க்கும். அப்போது உங்கள் மின்னஞ்சல்கள் பேசும்.

பெயரில்லாப் புகார்

ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர் வாடிக்கையாளர்களுக்கானவர். முதலாளி–ஊழியர் தகராறை அவர் எடுத்துக்கொள்ள மாட்டார். மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் பெயரில்லாக் கடிதங்களின் மேல் நடவடிக்கை எடுப்பதில்லை. பெயர் போடாமல் எழுதினால் பாதுகாப்பு என்று நினைக்கிறீர்கள். சட்டம் வைத்திருப்பது தலைகீழ் ஏற்பாடு: 2004ஆம் ஆண்டின் பொதுநல வெளிப்படுத்தல் தீர்மானப்படி, மூடிய உறையில், உள்ளே பெயரும் கையெழுத்தும் போட்டு ஆணையத்துக்கு எழுதினால்தான் உங்கள் அடையாளத்தை ரகசியமாக வைக்கும் கடமை அவர்களுக்கு வருகிறது. ஊழல், அதிகார முறைகேடு போன்றவற்றுக்கான வழி அது. 'மேலாளர் திட்டுகிறார்' என்பதற்கானதல்ல. இப்போதைக்கு உங்களுக்கு அது தேவைப்படும் என்று எனக்குத் தோன்றவில்லை.

வேலை நேர விஷயத்தில் சட்டம் உங்களுக்குப் பெரிதாகக் கைகொடுக்காது. அதிகாரிகளுக்கு ஓவர்டைம் கிடையாது. இதில் சங்கம் பேசுவதுதான் நடக்கும் வழி. உறுப்பினராக இல்லையென்றால் ஆகிவிடுங்கள்.

பாண்டு செல்லும்

சீனியர்கள் சொல்வது பழைய கதை. 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. மூன்று வருடத்துக்குள் விலகினால் இரண்டு லட்சம் என்ற அதே மாதிரி நிபந்தனைதான் அங்கும். வேலையில் இருக்கும் காலத்துக்கான கட்டுப்பாடு என்பதால் தொழில் செய்யும் உரிமையைப் பறிப்பதாகாது, பொதுநலனுக்கும் விரோதமில்லை என்றது நீதிமன்றம். பொதுத்துறை வங்கி ஒருவரை இஷ்டத்துக்குத் தேர்ந்தெடுக்க முடியாது, விளம்பரம், தேர்வு என்று செலவும் காலமும் ஆகிறது என்பது ஒரு முக்கியக் காரணம். எவ்வளவு பெரிய தொகையும் செல்லும் என்று இதற்கு அர்த்தமில்லை. ஆனால் அடிப்படைச் சம்பளமே 48,480 ரூபாயில் தொடங்கும் பணிக்கு இரண்டு லட்சம் மிகை என்று வாதாடி ஜெயிப்பது கடினம். அந்த வழக்கை நடத்தித் தருகிறேன் என்று யாராவது ஃபீஸ் கேட்டால் யோசியுங்கள்.

ஒரு சின்ன லாபம் உண்டு. பாண்டுத் தொகைக்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. அதற்கு வரி இல்லை என்று 2022 ஆகஸ்ட் சுற்றறிக்கையிலேயே மத்திய மறைமுக வரி வாரியம் தெளிவுபடுத்திவிட்டது. என்பிஎஸ் ஓய்வூதியக் கணக்கு உங்கள் பெயரில் இருப்பது, எங்கு போனாலும் கூடவே வரும். ஸ்டாஃப் வட்டியில் வாங்கிய ஸ்கூட்டர் கடன் மட்டும் சாதாரண வட்டிக்கு மாறக்கூடும்.

ராஜினாமா செய்தால் எல்லாம் முடிந்துவிடும் என்ற நினைப்பும் கடிதத்தில் தெரிகிறது. விசாரணை நிலுவையில் இருந்தால் முன் அனுமதியில்லாமல் விலக முடியாது என்று பணி விதிகளே சொல்கின்றன. விலகிய பிறகும் கிரிமினல் வழக்குக்குத் தடை இல்லை. அதனால்தான் ஐடியை முதலில் பேசினேன்.

தனியார் வங்கியில் என்ன கிடைக்கும், என்ன போகும்

சம்பளம் கூடும். ஆனால் ரிலேஷன்ஷிப் மேனேஜரின் முழு வேலையே, இன்று நீங்கள் வெறுக்கும் அந்த மாலை நேர வீடியோ கால்தான். இங்கே கவுன்ட்டர், கடன், வசூல் என்று பத்தில் ஒன்றாக இருப்பது அங்கே பத்துக்குப் பத்து.

சட்டப் பாதுகாப்பிலும் வித்தியாசம் உண்டு. உங்கள் வங்கி உங்களை அநியாயமாக நடத்தினால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். தனியார் வங்கி அரசு அமைப்பல்ல, அதன்மேல் ஊழியர் ரிட் போட முடியாது என்று 2003இல் ஃபெடரல் வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அங்கே உங்களுக்கு மிஞ்சுவது தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தின் 41ஆம் பிரிவு. ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரைத் தகுந்த காரணமின்றி நீக்கினால் மேல்முறையீடு செய்யலாம். நீங்கள் 'நிர்வாகப் பதவி'யில் இருந்தீர்கள் என்று சொல்லி அதையும் தடுக்கப் பார்ப்பார்கள். தனியார் என்றால் ஊழல் தடுப்புச் சட்டம் தொடாது என்பதும் தவறு. அந்தச் சட்டத்தின் பார்வையில் தனியார் வங்கி அதிகாரிகளும் பொது ஊழியர்களே என்று குளோபல் டிரஸ்ட் வங்கி தொடர்பான வழக்கில் 2016இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

என் யோசனை

இப்போது விலகாதீர்கள். இன்னும் நான்கு மாதத்தில் நிரந்தரமானதும் இடமாறுதல் கேளுங்கள். பெரிய வங்கியில் வேலை பார்ப்பதன் ஒரே பெரிய வசதி, கிளைக்கு வெளியேயும் வங்கி இருக்கிறது என்பதுதான். கடன் பரிசீலனை மையம், அந்நியச் செலாவணி, கரன்சி செஸ்ட் (பணக் கிடங்கு), தணிக்கை, தகவல் தொழில்நுட்பப் பிரிவு என்று எத்தனையோ. பொறியியல் படித்தவர் நீங்கள். உள்சுற்றறிக்கைகளில் தகவல் தொழில்நுட்பப் பணியிடங்களுக்கு அழைப்பு வரும்போது விடாமல் விண்ணப்பியுங்கள். திருமணமாகாத பெண் ஊழியர்களைப் பெற்றோர் இருக்கும் ஊருக்கோ அருகிலோ பணியமர்த்தலாம் என்று நிதி அமைச்சகம் 2014இல் வழிகாட்டியிருக்கிறது. உரிமையாகக் கோர முடியாது என்றாலும் விண்ணப்பத்தில் குறிப்பிடுங்கள்.

மின்னஞ்சல் அனுப்பிய பிறகும் ஐடியைத் திறந்துவைக்கச் சொல்லி வற்புறுத்தினால் என் யோசனை மாறும். ரீஜனல் ஆபீஸுக்கு எழுதுங்கள். அங்கும் பலனில்லை என்றால் இரண்டு லட்சத்தைக் கட்டிவிட்டு வெளியே வாருங்கள். அந்தப் பணத்தைச் சம்பாதித்துவிடலாம். அப்பாவிடம் 'பிடிக்கவில்லை' என்று சொன்னால் கோபப்படத்தான் செய்வார். என்ன செய்யச் சொல்கிறார்கள், அதில் யார் பெயர் வரும் என்று ஒரு நாள் உட்கார வைத்து விவரமாகச் சொல்லிப் பாருங்கள்.

ஞாயிறு மாலை வயிற்றைப் புரட்டுவதை அலட்சியம் செய்யாதீர்கள். மருத்துவரைப் பாருங்கள். பேசத் தோன்றினால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை. மருத்துவச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள், இடமாறுதல் விண்ணப்பத்துக்கும் உதவும். முக்கியமான பொறுப்புகளில் இருப்பவர்களுக்கு வருடத்தில் ஒரு முறை முன்னறிவிப்பின்றிக் குறைந்தது பத்து வேலை நாள் கட்டாய விடுப்பு தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் ஏற்பாடு. மோசடியைக் கண்டுபிடிக்க வந்த விதிதான், ஆனாலும் விடுப்பு விடுப்புதானே. உங்கள் பணியிடம் அந்தப் பட்டியலில் வருகிறதா என்று மனிதவளப் பிரிவில் கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. ஆசிரியர் விஷயத்திலோ லாகின் விஷயத்திலோ விளக்கம் கேட்டு உங்களுக்குக் கடிதம் வந்தால், மேலாளர் எதிரே உட்கார்ந்து அவர் சொல்லச் சொல்லப் பதில் எழுதிக் கொடுக்காதீர்கள். பெற்றுக்கொண்டதற்கு மட்டும் தேதியோடு கையெழுத்துப் போடுங்கள். கொடுத்த அவகாசத்துக்குள், தேவையான ஆவணங்களைப் பார்க்க அனுமதி கேட்டு எழுதுங்கள். பதிலை அனுப்புவதற்கு முன் சங்கப் பொறுப்பாளரிடமோ ஒரு வழக்கறிஞரிடமோ காட்டிவிடுங்கள்.